என்புமச்சையும் கல இறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஆய்வுகூட நுணுக்குக்காட்டியின் முன்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குருதிப் பூச்சுகளுக்குச் சாயமிட்டுக் கலங்களை எண்ணி எழுதிக் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. விளக்கம் சொல்வது என் பொறுப்பாக இருக்கவில்லை. ஆயினும் அறிக்கையை வாங்க வந்த மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி மக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே முதலில் கேட்டார்கள். இப்போதும் சந்தையிலும் கோயில் வாசலிலும் நிறுத்திக் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைக் குறித்து, என்னால் இயன்ற அளவு தெளிவாக விடையெழுதியிருக்கிறேன். ஒரு நோயாளருக்கு எந்த மருந்து என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் சொல்வது விளங்குவதற்கு இது உதவினால் போதும்.

"ஐயா, என்புமச்சை எண்டா முள்ளந்தண்டுக்குள்ள இருக்கிறதுதானே? அதில ஊசி போட்டா கால் இழுத்துப் போகாதா?"

இல்லை. முள்ளந்தண்டின் நடுக் கால்வாயினுள் இறங்குவது முண்ணாண்; அது நரம்பு இழையம். என்புமச்சை என்பது என்புகளின் உட்புறத்தில், கடற்பஞ்சு போன்ற சிறு இடைவெளிகளை நிரப்பியிருக்கும் மென்மையான இழையம். வளர்ந்தவர்களில் இடுப்பென்பு, மார்பென்பு, விலா என்புகள், முள்ளென்புகள், மண்டையோடு ஆகியவற்றிலேயே குருதியை உண்டாக்கும் செம்மச்சை பெரும்பாலும் இருக்கின்றது. பரிசோதனைக்காக வைத்தியர் ஊசியைச் செலுத்துவது இடுப்பென்பின் பின்பக்க மேல்விளிம்பில். அவ்விடத்தை விறைக்கச் செய்த பின்னரே செலுத்துவார். உறிஞ்சும் சில விநாடிகளில் ஓர் இழுவை வலி உண்டு, பிறகு ஓரிரு நாள் நோவு இருக்கும். முண்ணாண் அந்த இடத்திலேயே இல்லை. ஆகவே கால் இழுப்பதற்கு வழியில்லை.

இந்த இழையம் செய்யும் வேலையின் அளவைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நலமான ஒருவரின் மச்சை ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியங்களை வெளியே அனுப்புகின்றது. ஒரு நாளைக்கு அது 20,000 கோடியளவில் வரும். செங்குழியம் ஏறத்தாழ 120 நாளும், குருதிச் சிறுதட்டு 7 முதல் 10 நாளும் வாழும். வெண்குழியங்களில் நடுநிலைநாடிகள் (நியூற்றோபில்) அதைவிடவும் குறுகிய ஆயுளுடையவை. இவ்வளவையும் இடைவிடாமல் ஈடுசெய்ய, மிகச் சிறு தொகையான மூலக்கலங்களிலிருந்து பிரிந்து பிரிந்து பெருகும் ஒரு பெரிய கூட்டம் மச்சைக்குள் எப்போதும் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

"கலம் சாகுது எண்டு எழுதியிருக்கு. அது பழுதாகித்தானே சாகும்? சாகாம இருந்தா நல்லம்தானே?"

இரண்டு விதமான இறப்பு உண்டு. சுடுநீர் பட்டாலோ குருதியோட்டம் தடைப்பட்டாலோ கலம் வீங்கி வெடித்து, உள்ளிருப்பதைச் சுற்றிலும் கொட்டி, அழற்சியை உண்டாக்கி இறக்கும். மற்றது, கலம் தன்னுள்ளேயே இருக்கும் ஒழுங்கின்படி சுருங்கி, தன் கருவைத் துண்டு துண்டாக்கி, சிறு பொதிகளாகப் பிரிந்து, அயலிலுள்ள தின்குழியங்களால் ஓசையின்றி அகற்றப்படுவது. இதற்கு 1972இல் கெர், வைலி, கறி என்ற மூவர் 'அப்பொப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தமிழில் 'திட்டமிட்ட கல இறப்பு' என்கிறோம்; 'உதிர்வு' என்று சொன்னாலும் பொருந்தும் என்பது என் எண்ணம். கஸ்பேஸ் எனப்படும் நொதியங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

இந்த உதிர்வு இல்லாவிட்டால் உடல் நிலைக்காது. பழுதான பரம்பரையலகுகளோடு பிறக்கும் கலங்களும், வேலை முடிந்த வெண்குழியங்களும், உடலையே தாக்கக்கூடிய நிணநீர்க்குழியங்கள் என்ற வகை வெண்குழியங்களும் இவ்வழியால்தான் அகற்றப்படுகின்றன. எனவே கலம் இறப்பது நோயன்று. எவ்வளவு இறக்கின்றது, எங்கே இறக்கின்றது, எந்த வயதில் இறக்கின்றது என்பவற்றில்தான் நோய் இருக்கின்றது. கீழே வரும் பெரும்பாலான விடைகள் இந்த ஒன்றையே சுற்றி வருகின்றன.

"மச்சையில கலம் கூட இருக்கு எண்டு ரிப்போர்ட் சொல்லுது. பிறகேன் எங்கட வாப்பாவுக்கு மாசா மாசம் இரத்தம் ஏத்தினபடி இருக்கு?"

என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் இதுவே மிகச் சரியான கேள்வி. தம்பலகாமத்து வயலை நினைத்துப் பாருங்கள். கதிர் முற்றுகிற காலத்தில் வரம்பில் நின்று பார்த்தால் வயல் நிறைந்திருக்கும். அறுத்துச் சூடடித்துத் தூற்றும்போதுதான் பாதி பதர் என்பது தெரியவரும். மச்சையை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது வரம்பில் நின்று பார்ப்பது போன்றது. நாளத்திலிருந்து எடுத்த குருதியை எண்ணுவது களத்தில் மூட்டை அளப்பது போன்றது.

அந்த வாப்பாவுக்கு இருந்தது மைலோடிஸ்பிளாசியா, சுருக்கமாக எம்.டி.எஸ். மூலக்கலம் ஒன்றில் ஏற்பட்ட மாற்றத்தால் அதன் சந்ததியான கலங்கள் பெருந்தொகையாகப் பிறக்கின்றன. ஆனால் முதிர்வதற்கு முன்பே, மச்சையை விட்டு வெளியேறாமலே, மேலே சொன்ன உதிர்வின் மூலம் இறந்துவிடுகின்றன. இதைப் பயனற்ற குருதியாக்கம் என்பர். மச்சைக்குள் நெரிசல், வெளியே பஞ்சம். 1995இல் அஸ்ரா ராசாவும் உடன் ஆய்வாளர்களும் 50 எம்.டி.எஸ். நோயாளரின் மச்சையைப் பரிசோதித்து, பெரும்பாலானோரில் கல இறப்பு மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். அதே நோயாளரில் கலப்பிரிவும் விரைவாகவே நடந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் பிறப்பும் இறப்பும் சேர்ந்து கூடியிருந்தன என்ற அந்த அவதானிப்பு, நீண்ட காலம் முரணாகத் தெரிந்த ஒன்றை விளங்க வைத்தது.

எனவே 'மச்சை நிறைவானது' என்ற வரியை நற்செய்தியாகவும் கொள்ள வேண்டாம், தவறான அறிக்கை என்றும் எண்ண வேண்டாம். அதற்கு அடுத்த வரிகளில் கலங்களின் முதிர்வைப் பற்றியும், இளநிலைக் கலங்களின் வீதத்தைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். நிறைவு என்பதும் வயதைப் பொறுத்தது. வயது கூடக் கூட மச்சையில் கொழுப்பு கூடும்; நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருவது ஏறத்தாழ இயல்பான நிறைவு வீதம். எழுபது வயதானவரின் மச்சை 30 வீதம் நிறைந்திருந்தால் அது குறைவன்று.

"உள்ளுக்குள்ள சாகுதா, வெளியில வந்து சாகுதா எண்டு கையில எடுத்த இரத்தத்திலயே கண்டுபிடிக்கேலாதா?"

பெருமளவுக்கு இயலும். புதிதாக வெளியே வந்த இளம் செங்குழியங்களை ரெற்றிகுலோசைற்று என்ற பெயரில் தனியாக எண்ணலாம். செங்குழியங்கள் வெளியே வந்த பின் சிதைக்கப்பட்டால் மச்சை விரைந்து ஈடுசெய்ய முயலும். இந்த எண்ணிக்கை உயரும். மச்சைக்குள்ளேயே இறந்தால் எண்ணிக்கை உயராது. ஆனால் இறந்த கலங்களின் உள்ளீடு குருதியில் கலப்பதால், எல்.டி.எச். என்ற நொதியமும், கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருளும் கூடியிருக்கும். கண் சற்று மஞ்சளாகத் தெரிவது செங்கமாரி என்று எண்ணப்பட்டு, ஈரலுக்கு நாட்டு மருந்து குடித்துக்கொண்டே மாதங்களைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண் மஞ்சளும் களைப்பும் சேர்ந்திருந்தால், ஈரலோடு குருதியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

"நாங்கள் மச்சம் சாப்பிடுறேல்ல. பி12 குறைஞ்சா மச்சையும் பழுதாகுமா?"

பழுதாகும், ஆனால் முற்றாகத் திருத்தக்கூடிய பழுது. விற்றமின் பி12உம் போலேற்றும் இல்லாமல் டி.என்.ஏ.யைச் சரியாகக் கட்ட முடியாது. கலத்தின் உடல் வளர்ந்துகொண்டே போகும், கரு பின்தங்கும். பிரிய முடியாத அந்தப் பெருங்கலங்கள் மச்சையிலேயே உதிரும். முன்பு சொன்ன பதர்தான் இதுவும். அனுபவமில்லாதவர் அந்த மச்சையைப் பார்த்தால் எம்.டி.எஸ். என்றோ, சில வேளை குருதிப் புற்றுநோய் என்றோ அஞ்சும் அளவுக்கு அது குழம்பியிருக்கும். வெளிக்குருதியில் நடுநிலைநாடியின் கரு வழமையான மூன்று, நான்கு மடல்களுக்குப் பதிலாக ஆறு மடல்களாகத் தெரிந்தால், நாங்கள் உடனே பி12ஐ நினைப்போம்.

போலேற்றின் கதை நம் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர், கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளரின் குருதிச்சோகைக்கு மார்மைற் கொடுத்துக் குணப்படுத்தி, 1931இல் அதனை வெளியிட்டார். மார்மைற்றில் இருந்த அந்தப் பொருள்தான் பின்னர் போலேற்று என்று அறியப்பட்டது. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. பி12 குறைவாக உள்ளவருக்குப் போலிக் அமிலக் குளிசையை மட்டும் கொடுத்தால் குருதி திருந்தும். நரம்புப் பாதிப்போ மறைவாக முன்னேறும். எனவே எது குறைவு என்று பார்த்த பின்னரே குளிசை. சரியான ஊசி போட்டால் மூன்று, நான்கு நாளில் இளம் செங்குழியங்கள் ஏறத் தொடங்கி, ஒரு வாரத்தில் உச்சத்தை அடையும். ஆய்வுகூடத்தில் இருந்து பார்ப்பதற்கு அதைவிட மகிழ்ச்சியான எண்கள் எனக்கு வேறு இருக்கவில்லை.

"தலசீமியாப் பிள்ளையின்ர கன்னமும் நெத்தியும் ஏன் தடிச்சுப் போகுது? அது எலும்பு நோயா?"

என்பு நோயன்று, மச்சை என்பைத் தள்ளுவது. ஈமோகுளோபின் இரண்டு விதமான சங்கிலிகளால் ஆனது. பீற்றா தலசீமியாவில் ஒன்று போதாமையால் மிஞ்சிய அல்பாச் சங்கிலிகள் இளம் செங்குழியத்துக்குள் படிந்து அதைக் கொன்றுவிடுகின்றன. குருதி போதாது என்ற செய்தி சிறுநீரகத்துக்குப் போக, அது எரித்திரோபொயற்றினைச் சுரந்து, 'இன்னும் உண்டாக்கு' என்று மச்சையைத் தூண்டுகின்றது. மச்சை பல மடங்கு பெருகுகின்றது, பெருகியவையும் உள்ளேயே இறக்கின்றன, தூண்டல் நிற்பதில்லை. இடமில்லாத மச்சை மண்டையோட்டையும் தாடையையும் உள்ளிருந்து அகட்ட, என்புகள் மெலிந்து முறியவும் கூடும். ஈரலும் மண்ணீரலும் பெருப்பது இதன் தொடர்ச்சி.

உரிய காலத்தில் ஒழுங்காகக் குருதி ஏற்றினால் இந்தத் தூண்டல் தணியும், முகமும் மாறாது. ஆகவே அந்தப் பிள்ளைக்குக் குருதி ஏற்றுவது ஈமோகுளோபினை உயர்த்துவதற்கு மட்டுமன்று, மச்சையை ஓயவிடுவதற்கும்தான். பெற்றோர் 'பிள்ளை விளையாடுறான்தானே, இந்த மாதம் விடுவோம்' என்று கிளினிக்கைத் தவறவிடும்போது இந்த இரண்டாவது காரணத்தை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குருநாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையம் நாட்டில் இந்நோய்க்கான முக்கியமான இடம்.

"எனக்குத் தலசீமியா 'ட்ரெய்ற்' எண்டு சொல்லிப்போட்டினம். இரும்புக் குளிசை குடிக்கலாமா? பிள்ளைக்கு வருமா?"

'ட்ரெய்ற்' என்றால் பழுதான பரம்பரையலகு ஒன்றை மட்டும் காவுபவர், அதாவது காவி. காவியாக இருப்பது நோயன்று. செங்குழியங்கள் சிறியனவாக இருப்பதால் இரும்புக் குறைபாடு போலத் தோன்றும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் என்ற குருதிப் பரிசோதனையைப் பார்த்து, இரும்பு உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டுமே குளிசை வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஆறு ஆண்டுகளாக இடைவிடாமல் இரும்புக் குளிசை எழுதப்பட்டு வந்ததையும், ஒரு தடவைகூடப் பெரிற்றின் பார்க்கப்படாததையும் நான் அறிவேன். திருமணம் பேசும்போது துணைவரும் காவியா என்று பார்ப்பது முக்கியம். இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவர் மட்டுமானால் அந்தக் கடும் நோய் பிள்ளைக்கு வராது.

"என்ர தங்கச்சியின்ர மச்சை 'வெறுமை' எண்டு எழுதியிருக்கு. அதுவும் பதரா?"

அல்ல. அது விதையே அழிந்த வயல். ஏப்பிளாஸ்ரிக் குருதிச்சோகையில் உடலின் சொந்த நிணநீர்க்குழியங்கள் மூலக்கலங்களையே தாக்கி, அவற்றை உதிர்வுக்குத் தள்ளிவிடுகின்றன. பெருகுவதற்கு எதுவும் மிஞ்சாததால் மச்சையில் கொழுப்பே நிறைந்திருக்கும். 1888இல் போல் ஏர்லிக் இதை முதலில் விவரித்தார். பெரும்பாலானவர்களில் ஏன் தொடங்கியது என்பதற்கான காரணம் அகப்படுவதில்லை; வீட்டார் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

தாக்குவது நோயெதிர்ப்பு என்பதால், அதை அடக்கும் ஏ.ரி.ஜி., சைக்கிளோஸ்போரின் ஆகிய மருந்துகளால் பலரின் மச்சை மீண்டும் துளிர்க்கின்றது. இளவயதினருக்குப் பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் மச்சை மாற்றீடு முதலில் பேசப்படும். கூடப் பிறந்தவர் ஒவ்வொருவரும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

"டெங்கு வந்தா 'பிளேற்லெற்' விழுகுது. அப்ப மச்சை செத்துப் போகுதா? பப்பாசி இலைச் சாறு குடுத்தா ஏறுமா?"

2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவான ஆண்டில், கிண்ணியா தொடக்கத்திலேயே கடுமையாகத் தாக்கப்பட்டது. அந்த மாதங்களில் எங்கள் மேசையில் குருதிக் குழாய்கள் அடுக்கி வைக்க இடமின்றிக் கிடந்தன. இந்தக் கேள்வியும் அன்று தொடங்கியதுதான். காய்ச்சலின் முதல் நாட்களில் வைரசினால் மச்சையின் உற்பத்தி தற்காலிகமாக அடங்குகின்றது. அதனால் வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் குறைகின்றன. வெளியே சிறுதட்டுகள் அழிக்கப்படுவதும் சேர்ந்துகொள்ளும். மூலக்கலங்கள் அழிவதில்லை. காய்ச்சல் தணிந்த சில நாட்களில் மச்சை தானாகவே எழும்பி, எண்ணிக்கை விரைவாக ஏறும்.

தானாக ஏறும் அந்த நேரத்தில்தான் பலர் பப்பாசிச் சாறும் கொடுத்திருப்பார்கள். சாறு கொடுத்தவர்களில் சிறுதட்டு சற்று விரைவாக ஏறியதாகக் கூறும் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் டெங்கில் உயிரை எடுப்பது சிறுதட்டுக் குறைவைவிட, குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசிவது. அதைச் சாறு தடுக்கும் என்று காட்டப்படவில்லை. வாந்தியெடுக்கும் பிள்ளைக்குக் கசப்பைத் திணிப்பதைவிட, குடிக்கக்கூடிய நீராகாரத்தை அளந்து கொடுத்து, சிறுநீர் போவதைக் கவனியுங்கள். அஸ்பிரின், புறூபன் போன்றவற்றைக் கொடுக்கவே வேண்டாம்.

"எங்கட அப்பாவுக்குக் கிட்னி வருத்தம். அதுக்கு ஏன் இரத்தம் ஊற ஊசி போடுகினம்?"

தலசீமியா பற்றிய விடையில் சொன்ன எரித்திரோபொயற்றின்தான் இந்த ஊசி. சிறுநீரகம் பழுதானால் அது போதியளவு சுரப்பதில்லை. இந்தச் சுரப்பு கலங்களைப் பிரியச் செய்கின்றது என்று முன்பு எண்ணினார்கள். ஆனால் அதன் முக்கிய வேலை, இளம் செங்குழிய முன்னோடிகள் உதிராமல் காப்பது. அந்தப் பருவத்தில் அவை பிழைத்திருப்பதற்கு இந்தச் செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் தாமாகவே இறந்துவிடும். குருதி சற்றுக் குறைந்தால் சுரப்பு கூடும், அதனால் கூடுதலான கலங்கள் பிழைக்கும். உடல் குருதியின் அளவைச் சரிசெய்வது பெரும்பாலும் இறப்பைக் கூட்டிக் குறைப்பதன் மூலமே என்பது எனக்கு இன்றும் வியப்பான விடயம். ஊசி பயன்பட இரும்பும் போதுமானதாக இருக்க வேண்டும். ஈமோகுளோபினை அளவுக்கு மேல் ஏற்றினால் குருதி உறைதல், அழுத்தம் போன்ற ஆபத்துகள் உண்டு.

"எம்.டி.எஸ். எண்டா கான்சரா, இல்லையா? ஒருத்தர் ஒருவிதமாச் சொல்லுகினம்."

வகைப்பாட்டில் அது புற்றுநோய்களோடுதான் சேர்க்கப்படுகின்றது. ஏனெனில் அது ஒரே பழுதான மூலக்கலத்தின் வழித்தோன்றல். ஆனால் எல்லோரிலும் ஒரே வேகத்தில் போவதில்லை. பலர் முதியவர்கள், பல ஆண்டுகள் குருதி ஏற்றுதலோடு வாழ்பவர்கள் உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒருவரில் அது கடும் லுக்கீமியாவாக (குருதிப் புற்றுநோயாக) மாறுகின்றது. மச்சையில் இளநிலைக் கலங்கள் 20 வீதத்தை எட்டினால் பொதுவாக லுக்கீமியா என்று சொல்வார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு திருப்பம் இருக்கின்றது. தொடக்க நிலையில் கலங்கள் மிகுதியாக இறக்கின்றன என்று மூன்றாவது விடையில் பார்த்தோம். நோய் முற்றும்போது அந்த இறப்பு கூடுவதில்லை, குறைகின்றது. புதிய மாற்றங்களைப் பெற்ற சில கலங்கள் உதிர்வின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் தப்பிப் பெருகத் தொடங்குகின்றன. எனவே 'கலம் இறப்பது நின்றுவிட்டது' என்பது இந்த நோயில் எப்போதும் நல்ல அடையாளமன்று.

"அப்ப சாகாத கலத்தைச் சாக வைக்கிற மருந்து இருக்கா?"

இருக்கின்றது; அது கண்டறியப்பட்ட வழியும் நேரானது. ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் 14ஆம், 18ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பி.சி.எல்-2 என்ற பரம்பரையலகு ஓயாமல் இயங்குவது 1980களில் அறியப்பட்டது. 1988இல் டேவிட் வோக்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், அது கலங்களை வேகமாகப் பிரியச் செய்வதில்லை, இறக்கவிடாமல் வைத்திருக்கின்றது என்று காட்டினார்கள். அதுவரை புற்றுநோய் என்றால் மிகைப்பெருக்கம் என்றே எண்ணியவர்களுக்கு இது புதிது. பி.சி.எல்-2 புரதத்தை அடைத்து, கலத்தை மீண்டும் உதிரச் செய்யும் வெனெற்றோகிளக்ஸ் என்ற குளிசை 2016இல் அமெரிக்காவில் முதலில் அனுமதிக்கப்பட்டது.

பழைய மருந்துகளிலும் இதே செயல் உண்டு. லுக்கீமியாப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோனும் டெக்சாமெதசோனும் நிணநீர்க்குழியங்களை உதிரச் செய்கின்றன. நாட்பட்ட மைலொயிட் லுக்கீமியாவில் கலத்துக்கு 'பெருகு, இறக்காதே' என்று ஓயாது கட்டளையிடும் புரதத்தை நிறுத்துவது 2001இல் வந்த இமற்றினிப். அந்த நோயாளருள் நாள்தோறும் குளிசை குடித்துக்கொண்டு கடலுக்குப் போய்வரும் ஒருவரை எனக்குத் தெரியும். குருதி இயல்பாகிவிட்டது என்று தாமாகவே குளிசையை நிறுத்தக் கூடாது. இயல்பாக வைத்திருப்பது அந்தக் குளிசையே.

"ஏற்கனவே இரத்தம் குறைவு. அந்த ஆளுக்குக் கலத்தைக் கொல்லுற மருந்தை ஏன் குடுக்கினம்? எங்களுக்கு விளங்கேல்ல."

விளங்காதது இயல்பே. மச்சையில் பழுதான கூட்டம் இடத்தைப் பிடித்திருக்கும்போது, மிஞ்சியிருக்கும் நல்ல மூலக்கலங்கள் அடங்கிக் கிடக்கின்றன. புல் மூடிய வயலில் நெல்லுக்கு உரம் போட்டால் புல்தான் செழிக்கும். மருந்து முதலில் இரண்டையும் குறைக்கும். பிறகு நல்லவை முதலில் எழும்ப வேண்டும் என்பதே கணக்கு. அதனால் மருந்து தொடங்கி ஏழு முதல் பதினான்கு நாளளவில் எண்கள் மிகவும் தாழ்ந்து, மூன்று, நான்கு வாரங்களில் ஏறத் தொடங்கும். எம்.டி.எஸ்.இல் கொடுக்கும் அசசிற்றிடின் பயன் தெரிவதற்குப் பல சுற்றுகள் ஆகலாம். இரண்டாம் வாரத்து அறிக்கையைப் பார்த்து 'மருந்து ஆளைக் கெடுத்துவிட்டது' என்று முடிவெடுத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அந்த வாரத்தின் எண் எதிர்பார்க்கப்பட்டதே.

"மச்சைய வளர்க்கிற ஊசிகள் இருக்காம். அதை மட்டும் போட்டா என்ன?"

உண்டு, எதை வளர்க்கின்றோம் என்பதில்தான் சிக்கல். ஜி.சி.எஸ்.எப். ஊசி நடுநிலைநாடிகளை ஏற்றும். மச்சை விரைந்து பெருகுவதால் இடுப்பிலும் முதுகிலும் நோவு வரும், அது அஞ்ச வேண்டியதன்று. ஆனால் விதையில்லாத மச்சையில் அது தனித்து நிலையான பயன் தராது. பயனற்ற குருதியாக்கத்தில் பிறப்பைத் தூண்டுவதைவிட முதிர்வுக்கு உதவுவதே பொருத்தம். லுஸ்பாற்றர்செப்ற் என்ற ஊசி அவ்வாறே செங்குழியத்தின் பிந்திய பருவத்தில் செயற்பட்டு, உள்ளேயே இறக்க இருந்தவற்றை வெளியே வரச் செய்கின்றது. அது 2019இல் தலசீமியாவுக்கும் 2020இல் சில எம்.டி.எஸ். நோயாளருக்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. விலை மிகுந்தது, எல்லோருக்கும் பொருந்துவதுமில்லை.

"இரும்புக் குளிசையே குடிக்கேல்ல. எப்பிடி இரும்பு கூடிப் போச்சு?"

ஏற்றிய ஒவ்வொரு பைக் குருதியிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கின்றது. உடல் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் வெளியேற்ற இயலாது. அதோடு, குருதியே ஏற்றாவிட்டாலும் பயனற்ற குருதியாக்கம் உள்ளவர்களில் இரும்பு சேரும். தூண்டப்பட்ட இளம் செங்குழியங்கள் எரித்திரோபெரோன் என்ற சுரப்பை விட, ஈரலின் காவற்சுரப்பான ஹெப்சிடின் அடங்கி, குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சுகின்றது. மச்சை பசித்திருப்பதாக உடல் தவறாக விளங்கிக்கொள்கின்றது என்று சொல்லலாம். மிஞ்சிய இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். டெஸ்பெரலை இரவில் பம்பி மூலம் மெதுவாக ஏற்றுவதும், டெபெரசிரொக்ஸ் குளிசையும் இதை அகற்றுவதற்காகவே. பிள்ளைக்கு வேதனை என்று பம்பியைக் கழற்றிவைக்கும் தாயின் மனம் எனக்கு விளங்குகின்றது. ஆயினும் தலசீமியாவில் பல பிள்ளைகளின் இதயத்தைப் பழுதாக்கியது இந்த இரும்புதான்.

"தம்பி மச்சை குடுத்தா அவன் பலவீனமாகிப் போவானே?"

மாட்டார். எடுக்கப்படுவது ஒரு சிறு பங்கு. சில வாரங்களில் அது மீண்டும் வளர்ந்துவிடும். இப்போது பல இடங்களில் மேலே சொன்ன ஜி.சி.எஸ்.எப். ஊசியைச் சில நாள் கொடுத்து, மூலக்கலங்களைக் குருதியோட்டத்துக்கு வரச்செய்து, கையிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள். மச்சை கொடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வராது. குருதி கொடுக்கும் வாய்ப்பு 18 முதல் 60 வயது வரையான நலமான பெரும்பாலானோருக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை வருகின்றது. இந்தப் பக்கத்தில் பேசப்பட்ட நோயாளர் பலரும் அந்தப் பைகளையே நம்பியிருக்கிறார்கள்.

"எப்ப நாங்கள் காத்திராம உடனே ஆசுப்பத்திரிக்கு ஓட வேணும்?"

மச்சை நோயுள்ளவருக்கோ, கலங்களைக் கொல்லும் மருந்தேற்றிய ஒருவருக்கோ காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், அது நள்ளிரவாயினும் புறப்பட வேண்டும். நடுநிலைநாடிகள் ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 500க்குக் கீழே இருக்கும்போது தொற்று சில மணித்தியாலங்களில் குருதியெங்கும் பரவக்கூடும். வீக்கமோ சீழோ தெரியாது, ஏனெனில் அவற்றை உண்டாக்கும் கலங்களே இல்லை. பரசிற்றமோல் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியும் வரை பார்க்க வேண்டாம். நிற்காத மூக்குக் குருதி, கறுப்பு மலம், புதிதாகத் தோன்றும் சிவப்புப் புள்ளிகள், கடும் தலையிடி, படுத்திருக்கும்போதே மூச்சுவாங்குதல் ஆகியவையும் அவ்வாறே.

வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வருபவர்கள் முதலில் அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குப் போய், 'இவருக்கு வெண்குழியம் குறைவு, மருந்தேற்றி இத்தனை நாள்' என்ற இரண்டையும் வாசலிலேயே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கடைசியாக எடுத்த எப்.பி.சி. (முழுக் குருதிக்கல எண்ணிக்கை) அறிக்கையையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, வீட்டில் எல்லோரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள். இரவில் பணியிலிருக்கும் வைத்தியர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.